பத்தொன்பது பின்கள்

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம் இருக்கிறது. லோஷினி எங்கள் அலுவலகத்துக்கு வந்த அன்று மழை பெய்தது என்று நான் சொல்வேன். மழையாவது ஒன்றாவது, தார் உருகி என் செருப்பு ரோட்டோடு ஒட்டிக்கொண்டது என்பார் செல்லம். அவள் கொண்டுவந்த எக்ஸ்ரே படத்தில் இருந்த பின்களை எண்ணினேன், பத்தொன்பது. செல்லம் பதினெட்டு என்கிறார். பிறருடைய ஞாபகத்தைக் குடைந்து பிழைப்பு நடத்தியவன் தன்னுடைய ஞாபகத்தை நம்பாமல் இருப்பதில் ஒரு நியாயம் உண்டு.

என் பெயர் ராஜசேகரன். இருபத்தாறு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக விபத்துகளை விசாரித்தேன். இரண்டு தரப்பில் யார் பொய் சொல்கிறார் என்று கண்டுபிடிக்க வேண்டும். பெரும்பாலும் இரண்டு பேருமே சொல்லியிருப்பார்கள். இப்போது கூலாயில் ஒரு டயர் கடையின் மாடியில் இரண்டு மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறோம். ஒன்று எனக்கு, இன்னொன்று செல்லத்துக்கு. செல்லம் இருபத்திரண்டு வருடம் ஆஸ்பத்திரி வார்டில் உதவியாளராக வேலை பார்த்தவர். என்னைவிட நாலு வயது இளையவர்தான். ஆனாலும் நான் ‘அக்கா’ என்றே கூப்பிடுவேன். கடைவீதியில் அவர் பெயரை உரக்கச் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள், காரணம் புரியும்.

லோஷினிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். சேனாய் தொழிற்சாலை ஒன்றின் பழைய மேல்சட்டையைப் போட்டிருந்தாள். நெஞ்சில் பெயர்ப் பட்டையைப் பிரித்தெடுத்த இடத்தில் நூல் பிசிறு நின்றது. மடியில் பெரிய பழுப்பு உறை.

“என் வீட்டுக்காரர் பேரு அர்ச்சுனன். பாசிர் கூடாங்ல பைப் ஃபிட்டரா இருந்தாரு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஷிப்ட் முடிஞ்சு மோட்டார் சைக்கிள்ல வரும்போது லோரி தட்டிருச்சி. முட்டிக்கு மேல எலும்பு நொறுங்கிப் போச்சு. ப்ளேட் வச்சு ஸ்க்ரூ போட்டாங்க.”

நான் பேசாமல் இருந்தேன். பேசாமல் இருந்தால் எதிரில் இருப்பவர் பேசுவார். என் தொழில் ரகசியம் அவ்வளவுதான்.

“நான் வேண்டிக்கிட்டேன். அவரு கால் ஊனி நடந்தா, தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பாருன்னு.”

“எடுத்தாரா?” என்றார் செல்லம்.

“எடுத்தாரு. ஆப்பரேசன் ஆகி அஞ்சே வாரம். கோயில் வாசல் வரைக்கும் கட்ட ஊனித்தான் வந்தாரு. அப்புறம் கட்டைய என் கையில குடுத்துட்டு, குடத்தத் தலையில வச்சிக்கிட்டு உள்ள நடந்தாரு. நாப்பது அடி இருக்கும். நான் சந்தோசத்துல அழுதேன்.”

மூன்றாம் நாள் கால் வீங்கியது. ஒரு திருகாணி உள்ளிருந்தே தோலைக் கிழித்துக்கொண்டு வந்தது. எலும்பு வரை சீழ். தொடையின் பாதியில் காலை எடுத்துவிட்டார்கள்.

“ஆஸ்பத்திரி ரிப்போட்லயும் அதான் எழுதியிருக்கு. நோயாளி கால் ஊனி நடந்ததால ப்ளேட் விலகுச்சுன்னு. அத்தை, அவரு அம்மா, அந்த ரிப்போட்ட லேமினேட் பண்ணி டிவி பக்கத்துல வச்சிருக்காங்க.”

“அலமாக், அடக் கடவுளே,” என்றார் செல்லம். “எங்க வீட்டுலல்லாம் பிள்ளைங்க சர்ட்டிபிகேட்டத்தான் லேமினேட் பண்ணுவோம்.”

லோஷினி சிரிக்கவில்லை. “இந்தத் தைப்பூசத்துக்கு நான் அலகு குத்தணும்னு சொல்றாங்க. நாக்குல. வேண்டிக்கிட்டது என் நாக்குதானே. இன்னும் பதினோரு நாள் இருக்கு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“தப்பு என்னுதுன்னா குத்திக்கிறேன். அதுல எனக்குப் பயம் இல்ல.” உறையை மேசையில் வைத்தாள். “கோயில்ல பேர் பதிய ஐசி, அடையாள அட்டை காப்பி தேடுனேன். அப்பதான் இந்த உறையப் பிரிச்சிப் பாத்தேன். மேல மூணு தேதிதான் எழுதியிருக்கு. அடிபட்ட அன்னிக்கு, ஆப்பரேசனுக்கு மறுநாள், கால எடுத்த பிறகு. ஆனா உள்ள நாலு எக்ஸ்ரே படம் இருக்கு.”

நாலாவது படத்தை உருவினாள். ஓரத்தில் பெயரும் தேதியும் உள்ள லேபிள் இருக்கவேண்டிய இடம் வழுவழுவென்று வெறுமையாக இருந்தது. யாரோ சுத்தமாகத் துடைத்து எடுத்திருந்தார்கள்.

“இதுல ப்ளேட் விலகியிருக்குன்னு எனக்கே தெரியுது. இது பால்குடத்துக்கு முன்னாடி எடுத்ததா, பின்னாடி எடுத்ததா? அது மட்டும் சொல்லுங்க, போதும்.”

* * *

அவள் போன பிறகு படத்தைச் சன்னல் கண்ணாடியில் ஒட்டிவைத்துப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“அண்ணே, அரை மணி நேரமாப் பாக்குறீங்க. படம் வெக்கப்பட்டுத் திரும்பிக்கப் போவுது.”

தொடை எலும்பு சாம்பல் நிறத்தில் இறங்கி வந்தது. அதன் வெளிப்பக்கத்தில் தகடு, வெள்ளை வெளேரென்று. மேல்பாதித் திருகாணிகள் வரிசை தப்பாமல் நின்றன. கீழே, முட்டிக்குப் பக்கத்தில், நான்கு திருகாணிகள் பின்வாங்கிச் சாய்ந்திருந்தன. தகடு எலும்பை விட்டு, பாதி திறந்த கதவு மாதிரி விலகி நின்றது.

“எலும்பு என்ன சொல்லுதுன்னு தெரியல,” என்றேன். “படம் வேற ஓரத்துல கீறிப் போயிருக்கு.”

“எங்க?” செல்லம் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். நான் விரலால் காட்டிய இடத்தில், சதையின் விளிம்போடு, சின்னச் சின்ன வெள்ளைக் கோடுகள் மேலிருந்து கீழே வரிசையாக ஓடின.

செல்லம் சிரித்தார். “கீறலா? அண்ணே, இது ஜிப்பு.”

“என்னது?”

“தோலைத் தைக்கிறதுக்குப் பதிலா பின் அடிப்பாங்க, ஆபீஸ்ல தாளுக்கு அடிக்கிற மாதிரி. இரும்பு. எக்ஸ்ரேல எலும்ப விடப் பளிச்சுன்னு தெரியும். இருபத்திரண்டு வருஷம் இதத்தான் பாத்தேன். நர்ஸு பின்ன பிடுங்குவாங்க, நான் ட்ரேயப் பிடிப்பேன், பேஷண்ட் என் கையப் பிடிச்சிக்குவாரு. சில பேரு விடவே மாட்டான்.”

நான் எண்ணினேன். பத்தொன்பது.

“அப்படின்னா, பின் எடுக்கிறதுக்கு முன்னாடி எடுத்த படம்.”

“கண்டுபிடிச்சிட்டீங்களே! ஆமா. பின் தோல்ல இருக்கும்போது எடுத்தது.”

“பின்னுங்கள எப்ப எடுப்பாங்க?”

“ரெண்டு வாரம். சில டாக்டரு மூணு வாரம் விடுவாரு. சில ஆளு திரும்பி வரவே மாட்டான், பின்னோட தீவாளி கொண்டாடுவான்.”

லோஷினிக்குப் போன் செய்தேன். பின் எடுத்த அன்று அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. மாமியார்தான் கூடப் போனாராம். தேதி ஞாபகமில்லை என்றாள். அந்த மாதத்தில் எந்தத் தேதியும் தனக்கு ஞாபகமில்லை என்றாள்.

* * *

பாசிர் கூடாங்கில் அவர்கள் வீடு ஒரு தாமான் குடியிருப்பின் கடைசி வரிசை. செயற்கைக் காலுக்கு விண்ணப்பம் போட உதவுகிறவர்கள் என்று லோஷினி எங்களை அறிமுகப்படுத்தினாள். அந்தப் பொய் எனக்குப் பிடிக்கவில்லை. செல்லத்துக்குப் பிடித்திருந்தது, அளவெடுக்கும் நாடாகூடக் கொண்டுவந்திருந்தார்.

அர்ச்சுனன் சக்கர நாற்காலியில் இருந்தான். மடியில் பழைய பேப்பரை விரித்து, பக்கத்து வீட்டுத் தண்ணீர்க் குழாய் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தான். தடித்த, அவசரமில்லாத விரல்கள். ஒரு திருகாணியை இரண்டு சுற்றுச் சுற்றி, காதைச் சாய்த்துக் கேட்டான்.

“மரை தேஞ்சு போச்சு,” என்றான்.

“பாக்காமலே சொல்றீங்க?” என்றார் செல்லம்.

“பாக்கணுமா? கடிக்கிற ஸ்க்ரூவுக்கு ஒரு சத்தம், கடிக்காததுக்கு ஒரு சத்தம். பதினாறு வருஷம் கேட்டாச்சு அக்கா.”

நல்ல சிரிப்பு அவனுக்கு. விபத்துக்கு முன்னால் பலருக்குப் பிடித்த ஆளாக இருந்திருப்பான். டிவி பக்கத்தில் லேமினேட் செய்த அறிக்கை நின்றது. குழந்தை போட்டோ வைக்கிற ஸ்டாண்டில்.

செல்லம் நாடாவால் எதையோ அளந்துகொண்டே கேட்டார்: “மொத ஆப்பரேசன் புண்ணு நல்லா ஆறுச்சா தம்பி? பின்னுங்கள எப்ப எடுத்தாங்க?”

“எடுக்கவே இல்லயே. பின்னோடதான பால்குடம் எடுத்தேன்.” உடனே வந்தது பதில்.

“என்னடா உளர்ற?” அடுப்படியிலிருந்து குரல் முதலில் வந்தது, வெள்ளையம்மா பிறகு வந்தார். அவனுடைய அம்மா. எழுபதை நெருங்கும் வயது. நெற்றி நிறைய திருநீறு. “பின்ன எடுத்த அன்னிக்குத்தான நான் ஆட்டுக்கால் சூப் வச்சேன்?”

“அம்மா, அது வேற நாளு.”

“வேற எந்த நாளு? எலும்பு சேரட்டும்னு பசாருக்கு விடியக்காலம் போயி ரெண்டு சோடி வாங்கியாந்தேன். மறுநாளு விரதம் ஆரம்பம். விரதம் ஆரம்பிச்ச பொறவு என் அடுப்புல ஆட்டுக்கால் ஏறுமா? சட்டி பானை எல்லாம் அன்னிக்கே கழுவிக் கவுத்துட்டேன். இருபத்தோரு நாளு முட்டகூட இந்த வாசல் தாண்டல.”

“அம்மாவுக்கு வயசாச்சு,” என்றான் அர்ச்சுனன், எங்களைப் பார்த்து.

“எனக்கா மறக்கும்? சூப்ப யாரு ஊட்டி விட்டது? இதோ நிக்கிறாளே இவதான். வேலையிலேர்ந்து வந்தவ சட்டயக்கூட மாத்தாம, ஊதி ஊதி ஊட்டி விட்டா. ரெண்டு கிண்ணம் குடிச்ச.” பிறகு மருமகளை ஒருமுறை பார்த்தார். “ஊட்டி விட்டு என்னா பண்ண? வாயி செஞ்ச வேலைய கை அழிக்க முடியுமா?”

லோஷினி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு இது புதிதில்லை என்று தெரிந்தது.

நான் கணக்கை முடித்திருந்தேன். பின் எடுத்த மறுநாள் விரதம். அதிலிருந்து இருபத்தோரு நாள் கழித்துத் தைப்பூசம். படத்தில் பின் இருக்கிறது. ஆக, பால்குடத்துக்கு மூன்று வாரம் முன்பே தகடு விலகிவிட்டது. அர்ச்சுனன் தப்பாகச் சொன்னதை மறதி என்று எடுத்துக்கொண்டேன். கால் போனவனிடம் தேதி கேட்பதே கொடுமை என்றுகூட நினைத்தேன்.

லோஷினி கார் வரை வந்தாள்.

“முன்னாடிதான்,” என்றேன். “பால்குடத்துக்கு மூணு வாரம் முன்னாடி.”

அவள் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. “நெசமாவா?” என்று மட்டும் கேட்டாள். இரண்டாவது முறையும் அதையே கேட்டாள்.

“நெசம். ஆனா டாக்டரு இத ஏன் மறச்சாருன்னு கேட்டுட்டு வந்து மிச்சத்தச் சொல்றேன்.”

அவள் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவள் அதற்கு மேல் எதையும் கேட்கவில்லை. எனக்குத்தான் குற்றவாளி தேவைப்பட்டான்.

* * *

குளுவாங் போகும் வழியெல்லாம் பாமாயில் தரும் செம்பனைத் தோட்டம். செல்லம் ஓயவில்லை.

“இருபத்தாறு வருஷ அனுபவம். கடைசியில கேஸ உடைச்சது ரெண்டு சோடி ஆட்டுக்காலு. கோர்ட்டுக்குப் போனா ஆட்டத்தான் சாட்சிக்குக் கூப்பிடணும்.”

நான் பதில் சொல்லவில்லை.

“பேசாதீங்க. இந்த டாக்டருங்க இருக்காங்களே, தப்பு பண்ணா கையக் கழுவுவாங்க. அதுக்குத்தான் எல்லா ரூம்லயும் பைப் வச்சிருக்கான்.”

டாக்டர் ஸ்ரீதரன் ஓய்வுபெற்று, தான் பிறந்த ஊரான குளுவாங்கிலேயே இருந்தார். தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே குமாஸ்தாவாக வந்தவராம். வீடு இன்னும் ரயில் சத்தம் கேட்கும் தூரத்தில்தான் இருந்தது. மெலிந்த உருவம்.

“வாங்கோ. இருங்கோ. என்ன விசயம்?”

நான் படத்தை நீட்டினேன். அவர் எழுந்து போய் வெளிச்சத்தில் பிடித்தார். லேபிளைத் தேடவில்லை. ஒரே பார்வையில் யாருடைய கால் என்று தெரிந்துகொண்டார். அவர் திரும்பி வந்து உட்கார்வதற்குள் வெளியே ஒரு ரயில் முழுதாகப் போய் முடிந்தது.

“நான்தான் எடுக்கச் சொன்னனான்,” என்றார். “பின் எடுக்க வந்த அன்று. அர்ச்சுனன்.”

“இது பால்குடத்துக்கு மூணு வாரம் முன்னாடி எடுத்தது. உங்க ரிப்போட்ல அந்த ஆளு நடந்ததாலதான்னு எழுதியிருக்கீங்க.”

“ஓம்.”

“பொய்,” என்றார் செல்லம்.

“பொய் இல்லை அம்மா. பாதி.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “முட்டிக்கு மேலே அவருடைய எலும்பு மிதிபட்ட பிஸ்கட் மாதிரி. கீழே கிடைத்த துண்டு இவ்வளவுதான், ஒரு தீப்பெட்டி அளவு. திருகாணிக்குப் பிடிக்க இடமில்லை. வெளிப்பக்கம் ஒரு தகடு, உள்பக்கம் ஒரு தகடு, இரண்டு வைத்திருக்க வேணும். இரண்டாவதுக்கு இன்னொரு பக்கமும் சதையைத் திறக்க வேணும், இரத்த ஓட்டம் கெடும் என்று பயந்தேன். ஒன்றே போதும் என்று முடிவெடுத்தேன். பிழையான முடிவு.”

நான் படத்தில் அந்த ஒற்றைத் தகட்டைப் பார்த்தேன்.

“இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில் ஊசி போட்டுச் செய்தது. ஆள் விழித்துத்தான் இருந்தார், துணித் திரைக்கு அந்தப் பக்கம். ஐந்தாவது திருகாணி ஏறும்போது அங்கேயிருந்து குரல் வருகிறது: ‘டாக்டர், அந்த ஸ்க்ரூ கடிக்கல.’” டாக்டர் எங்களைப் பார்த்தார். “முப்பது வருடம் வெட்டியிருக்கிறேன். ஒரு நோயாளியும் எனக்கு அப்படிச் சொன்னதில்லை. நர்ஸ் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் அது கடிக்கவில்லை. தடித்ததாக வேறு போட்டேன். அதுவும் சும்மா சுற்றியது.”

செல்லம் படத்தை வாங்கி, சாய்ந்து நின்ற திருகாணிகளைப் பார்த்தார்.

“இந்தப் படத்தைப் பார்த்த உடனே, தாய் வெளியில் இருந்த நேரம், அவருக்குச் சொன்னனான். இந்த வாரமே திரும்பத் திறப்போம், உள்பக்கத் தகடு வைப்போம், இடுப்பெலும்பில் கொஞ்சம் எடுத்து நிரப்புவோம், என் கட்டணம் வேண்டாம் என்று. முடியாது என்றார். வீட்டில் காட்டி யோசிக்கிறேன் என்று படத்தைக் கேட்டார். கொடுத்தேன். மூன்று மாதம் அந்தக் கால் தரையைத் தொடக்கூடாது என்றும் சொல்லி அனுப்பினேன்.”

“அதுக்கு என்ன ஆதாரம்?” என்றேன்.

அவர் அலமாரியிலிருந்து ஒரு கறுப்புக் குறிப்புப் புத்தகத்தை எடுத்தார். அதில் தன்னிடம் தவறிப்போன ஆப்பரேசன்களை மட்டும் எழுதி வைத்திருப்பதாகச் சொன்னார். புத்தகம் தடிமனாக இல்லை, ஒல்லியாகவும் இல்லை. நடுவிலிருந்து மடித்த மஞ்சள் தாள் ஒன்றை உருவினார். மறு ஆப்பரேசன் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்த படிவத்தின் நகல். கீழே அர்ச்சுனனின் கையெழுத்து. தைப்பூசத்துக்கு இருபத்திரண்டு நாள் முந்தைய தேதி. ஆட்டுக்கால் சூப் வைத்த நாள். ஓரத்தில், அதே பேனாவில், மலாயில் ஒரு வரி: என் மனைவிக்குத் தெரிவிக்க வேண்டாம்.

அந்த வரியை நான் பலமுறை படித்தேன். குழாயைச் சுற்றிக் காதைச் சாய்த்த முகம் நினைவுக்கு வந்தது. பின் எடுக்கவே இல்லை என்று அவன் உடனே சொன்னதும் நினைவுக்கு வந்தது. மறதிக்கு அவ்வளவு வேகம் கிடையாது; கையெழுத்துப் போட்ட அந்த நாளையே அவன் மறைத்திருக்கிறான். இது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

“அந்தப் பிள்ளை ஒருநாள் என் அறைக்கு வந்தது,” என்றார் டாக்டர். “கால் எடுத்த பிறகு. ‘என் வேண்டுதலாலா டாக்டர்?’ என்று கேட்டது. நான் ரிப்போர்ட்டில் எல்லாம் இருக்கிறது என்று சொன்னேன். நோயாளி இரகசியம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் நடந்தார் என்று இருந்தால் என்னுடைய ஒற்றைத் தகட்டைப் பற்றி ஒருவரும் கேட்க மாட்டார்கள். அதுதான் உண்மை.” தாளை என்னிடம் நீட்டினார். “நான் கொடுத்திருக்க வேணும். நீங்கள் கொடுங்கோ.”

திரும்பும் வழியில், கூலாயை நெருங்கும்போது, “ரெண்டு ஆம்பள,” என்றார் செல்லம். “ஒரு வேண்டுதலுக்குப் பின்னால ஒளிஞ்சிக்கிட்டானுங்க.”

* * *

மறுநாள் காலை பத்து மணிக்குப் போனோம். மஞ்சள் தாளைப் பார்த்ததும் அர்ச்சுனனின் விரல்கள் குழாயின் மேல் நின்றன. அது என்ன தாள் என்று அவன் கேட்கவில்லை.

“டாக்டர் குடுத்துட்டாரா,” என்றான்.

லோஷினி அதை நின்றபடியே படித்தாள். பிறகு ஓரத்தில் இருந்த வரியைப் படித்தாள். தாளை மடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

“ஏன் தம்பி?” என்று செல்லம்தான் கேட்டார். அப்படி ஒரு மெல்லிய குரல் அவரிடம் இருப்பது எனக்குத் தெரியாது.

“வலிக்கல அக்கா. ஊசி போட்டாச்சு. ஆனா சத்தம் எல்லாம் கேக்கும். டிரில் போற சத்தம், சுத்தியல் சத்தம். பதினாறு வருஷம் இரும்புல கேட்டது, அன்னிக்கு என் எலும்புல. ஸ்க்ரூ சும்மா சுத்துது, எனக்குத் தெரியுது, எந்திரிச்சு ஓட முடியல. மறுபடியும் அந்த மேசையில போய்ப் படுக்கச் சொன்னா… என்னால முடியாது.”

“அத இவகிட்ட சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா இழுத்துட்டுப் போயிருவா.”

“பால்குடம் வேணாம்னு சொல்லியிருக்கலாமே.”

“காரணம் கேப்பாளே. நாப்பது அடிதானன்னு நெனச்சேன். சாமி பாத்துக்கும்னு நெனச்சேன்.”

“படத்தையாச்சும் தூக்கிப் போட்டிருக்கலாம்ல?”

“லேபிள மட்டும் தின்னர் போட்டுத் தொடச்சேன்.” அவன் தொடை முடிகிற இடத்தைத் தடவினான். “என் கால் இருக்கிற கடைசிப் படம் அக்கா அது.”

அடுத்த கேள்வி என்னுடையது. “கால் போன பிறகு? ரெண்டு வருஷம். அம்மா சொல்றதக் கேட்டுக்கிட்டு இருந்தீங்களே. அலகு குத்தச் சொன்னப்பவும்?”

அவன் பேசவில்லை. நானும் பேசவில்லை. மின்விசிறி மட்டும் டக் டக்கென்று சுற்றியது. இந்த மௌனத்தை நான் எத்தனையோ பேரிடம் ஆயுதமாகப் பயன்படுத்தியிருக்கிறேன். அன்றுதான் அதைப் பாதியில் நிறுத்திவிட வேண்டும் போலிருந்தது.

“இவ ஃபெக்டரில லைன் லீடரா இருந்தவ,” என்றான் கடைசியில். “நாப்பது பேரு இவ சொன்னா கேப்பாங்க. ஒத்தக்கால்காரனோட எதுக்கு இருக்கணும்? தப்பு இவளுதுன்னு இருக்கிற வரைக்கும் இருப்பா.”

“பொய்யி!” என்றார் வெள்ளையம்மா. “டாக்டரு தப்பிக்க எழுதுன காயிதம்!” அவருக்கு மலாய் படிக்கத் தெரியாது. மகன் வாயால் சொன்னதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றிருந்தார்.

லோஷினி புருசனின் முன்னால் வந்து நின்றாள்.

“சூப் வச்ச அன்னிக்கேவா?”

“ம்.”

“ஊதி ஊதி ஊட்டி விட்டேன்,” என்றாள். “எலும்புக்கு நல்லதுன்னு சொன்னேன். நீங்க இன்னொரு கிண்ணம் கேட்டீங்க.”

டிவி பக்கத்திலிருந்த அறிக்கையை ஸ்டாண்டோடு எடுத்து வந்தாள். உருவி, இரண்டாகக் கிழிக்கப் பார்த்தாள். லேமினேட் செய்தது, கிழியவில்லை. வளைத்தாள், நிமிர்ந்துகொண்டது. அதை அவன் மடியில், பிரித்துப்போட்ட குழாய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது.

செல்லம் அளவெடுக்கும் நாடாவைச் சுருட்டிக் கைப்பைக்குள் வைத்தார்.

* * *

லோஷினி அலகு குத்திக்கொள்ளவில்லை. தைப்பூசத்துக்கு ஐந்து நாள் முன்பு சேனாய்ப் பக்கம் ஓர் அறை எடுத்துக்கொண்டு போனாள். முன்பு விட்டுவந்த பழைய தொழிற்சாலையிலேயே மறுபடி சேர்ந்தாள், லைன் லீடராக அல்ல, முன்பு அவள் சொன்னதைக் கேட்ட நாற்பது பேரில் ஒருத்தியாக. விவாகரத்துக்கு விண்ணப்பிக்கவில்லை, திரும்பியும் போகவில்லை. அர்ச்சுனனிடம் நாங்கள் சொன்ன பொய்யைச் செல்லம் அலைந்து திரிந்து உண்மையாக்கினார். ஐந்து மாதத்தில் செயற்கைக் கால் வந்தது. அதன் திருகாணிகள் சத்தம் போடுகின்றன என்று அவன் அதை மாட்டுவதில்லையாம். வெள்ளையம்மா மகனுக்குச் சமைத்துப் போடுகிறார். மருமகளின் நாக்குதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று இன்றும் வருகிறவர்களிடம் சொல்கிறார். டாக்டர் ஸ்ரீதரன் அறிக்கையைத் திருத்தி எழுதி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஒரே ஒரு தகடு வைத்தது தன்னுடைய தவறு என்பது அதன் முதல் வரி. பதில் வரவில்லை. அடுத்த தைப்பூசத்துக்கு முன் அவர் இறந்துபோனார். செல்லம் ஆட்டுக்கால் சூப் குடிப்பதை விட்டுவிட்டார். நான் அதே மாடியில், அதே மேசையில் இருக்கிறேன். படத்தை லோஷினி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதனால் பின்கள் பத்தொன்பதா பதினெட்டா என்று இனி எண்ணிப் பார்க்க வழியில்லை.